விளக்கை மாற்றினால் மட்டும் போதுமா?

கிராமத்தின் தெருக்களிலும் பொதுக் கட்டிடங்களிலும் இரவில் நல்ல வெளிச்சம் இருத்தல் வேண்டும். அதற்காகும் மின் கட்டணமோ பஞ்சாயத்து நிதியிலிருந்தே செலுத்தப்பட வேண்டும். ஆதலால், பழைய குழல் விளக்குகளை அகற்றி எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துவது நன்முயற்சியே. எனினும், வேலை அத்துடன் முடிந்துவிடுவதில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். கலசப்பாக்கம் வட்டாரத்துப் பஞ்சாயத்து ஒன்றில் 100 தெருவிளக்குகள் இருப்பதாகக் கொள்வோம். 40 வாட் குழல் விளக்கு, சோக் உள்பட, ஏறக்குறைய 55 வாட் மின்சாரம் கொள்ளும். நாள்தோறும் 12 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 24,090 யூனிட் செலவாகும். 20 வாட் எல்.இ.டி. விளக்குகளாயின் 8,760 யூனிட்டே போதும். மீதம் 15,330 யூனிட். ஆனால் அவ்விளக்குகள் அணைக்கப்படாமல் பகலிலும் எரிந்தால் செலவு 17,520 யூனிட்டாக உயரும். மீதத்தில் பாதிக்கு மேல் பட்டப்பகலில் வீணாகிவிடும்!

இதனைத் தடுப்பதற்கே இணைப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டி பயன்படுகிறது. நம் பகுதியில் சூரியன் மறையும் நேரம் ஆண்டுக்குள் ஏறக்குறைய ஒரு மணி வேறுபடும். பெட்டியிலுள்ள கடிகாரம் அதனைத் தானே கணித்து, விளக்குகளை ஏற்றி அணைக்கும். மேலும், மின் அளவைச் செல்பேசி அலை வழியாக அலுவலகத்துக்கு அறிவிக்கும். 40 விளக்குகள் கொண்ட தடத்தில் 800 வாட் காட்ட வேண்டும். 600 வாட் காட்டினால் 10 விளக்குகள் எரியவில்லை எனலாம். அளவு மிகுந்தால், யாரேனும் கொக்கியிட்டு மின்சாரம் எடுக்கின்றனரா என ஆராயலாம். இருட்டில் நடப்போர் முறையிடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் இம்முறை கையாளப்பட்டது.

கட்டிடங்களுக்கும் இவ்விதி பொருந்தும். பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளியிலும் சன்னலோர விளக்குகளுக்குத் தனிச் சுவிட்சு அமைத்தல் நலம். ஆள் நடமாட்டத்தை உணரும் கருவியைத் தாழ்வாரத்திலும் கழிப்பறையிலும் பொருத்தினால், ஆளில்லாத இடத்தில் விளக்கு எரியாது.

ஜவ்வாது மலையில் செல்பேசி அலை எட்டாத சிற்றூர்களில், செய்தி அனுப்பும் வசதி பயன்படாது. தானே இயங்கும் கடிகாரப் பெட்டியே போதுமானது. அங்கு ஒளி கீழ்நோக்கி மட்டும் விழுமாறு விளக்குகளை அமைத்தால், காவலூர் வானாய்வகத்தின் விண்மீன் ஆராய்ச்சிக்கு நேரும் இடையூறும் குறையும்.

எனவே, புதிய விளக்குகளுக்குத் தீர்மானம் நிறைவேற்றும் உறுப்பினர்கள், விலையை மட்டும் கேளாது, “ஏற்றுவதும் அணைப்பதும் எவ்வாறு? பழுதானால் செய்தி யாரைச் சேரும்? எத்தனை நாளில் சீராகும்?” என்றும் கேட்டறிதல் வேண்டும். செய்தி வந்தும் அதனைக் கவனிப்பார் இல்லையெனில், பெட்டியால் பயனில்லை. ஒவ்வொரு மாதமும் மின் கட்டணச் சீட்டை முந்திய மாதச் சீட்டுடன் ஒப்பிட்டுக் கூட்டத்தில் படித்தல் நல்ல வழக்கமாகும். அவ்வாறு மீதமாகும் பணம், குடிநீருக்கும் வடிகாலுக்கும் உதவும்.