எழுத்தின் எடையும் கட்டணமும்

தமிழெழுத்தை அளக்கும் கோல்கள் பல. இலக்கண நூலார் அதனை மாத்திரையால் அளந்தனர். யாப்பு நூலார் அசையும் சீருமாகக் கூட்டி அளந்தனர். அச்சுக்கோப்போர் ஈய எழுத்தின் பருமைகொண்டு அளந்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கைப்பேசி நிறுவனங்கள் பிறிதோர் அளவையைக் கொணர்ந்தன. பைட்டு என்பது அதன் பெயர். முன்னை அளவைகள் எழுத்தின் இயல்பை உணர்த்தின. இஃதொன்றே எழுத்துக்கு விலை குறித்தது. அவ்விலை தமிழ் எழுதுவோரையும் படிப்போரையும் எவ்வாறு தாக்கிற்று என்பதை, நாஞ்சில்நாட்டை நிலைக்களனாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கணிப்பொறியும் கைப்பேசியும் எழுத்தை எண்ணாகவே சேமிக்கின்றன. ஒருங்குறி என்னும் உலகப் பொதுமுறையில் தமிழுக்கென ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. இணையப் பக்கங்களிற் பெருவழக்காயுள்ள யூ.டி.எஃப்-8 என்னும் வடிவில் உரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டும், தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டும் வேண்டும். குறி வேறு, எழுத்து வேறு என்பதை ஈண்டு மறத்தலாகாது. ‘க’ என்பது ஒரு குறி. ‘கா’ என்பது ககரமும் துணைக்காலும் சேர்ந்த இரு குறி. ‘க்’ என்பதும் ககரமும் புள்ளியும் சேர்ந்த இரு குறியே. ஆகவே ‘க’ மூன்று பைட்டும் ‘க்’ ஆறு பைட்டும் பெறுகின்றன.

இதன்கண் ஒரு வியப்புண்டு. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை, குற்றுயிர்மெய்க்கு ஒரு மாத்திரை என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு நாம் அறிந்தது. புதிய அளவையிலோ அரை மாத்திரை பெறும் மெய், ஒரு மாத்திரை பெறும் அகர உயிர்மெய்யினும் இருமடங்கு எடையுடையதாயிற்று. குறிலாகிய அகரமும் நெடிலாகிய ஆகாரமும் தம்முள் ஒத்த எடையின. மெய்க்குப் புள்ளியிடுக என்னும் வரிவடிவ விதியை எந்திரம் போற்றிற்று. ஒலியளவு பற்றிய விதியை அஃது அறியாது.

‘நாஞ்சில்நாடு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். எழுத்து ஆறு, குறி பன்னிரண்டு, பைட்டு 36. இதனை உரோமன் எழுத்தில் இடையீடின்றி எழுதின் பத்துப் பைட்டில் அமையும். 2010 சூனில், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு ‘டேஸ்-16’ என்னும் குறியேற்றத்தையும் ஏற்றது. அம்முறையில் ஒவ்வோரெழுத்தும் ஒரு குறியே பெறுதலின் மேற்கூறிய சொல் ஆறு குறியில் அடங்கும். ஆயினும் கைப்பேசிகளில் அது வழக்குப் பெற்றிலது.

இனிக் குறுஞ்செய்தியை நோக்குவோம். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. உரோமன் எழுத்தாயின் ஏழு பிட்டு வீதம் நெருக்கி அடுக்கி 160 எழுத்துகளை அதனுள் வைக்கலாம். தமிழாயின் குறிக்கு இரண்டு பைட்டு வீதம் 70 குறிகளே இடம்பெறும். அவை ஏறத்தாழ நாற்பது, நாற்பத்தைந்து எழுத்துகளாகும். ‘மக்கா வாறேன்’ என்று குமரிமாவட்டத்தார் ஒருவர் தம் நண்பர்க்குத் தமிழெழுத்தில் எழுதின், இடைவெளியுட்படப் பன்னிரண்டு குறி செலவாகும். அஃதாவது ஒரு செய்தியின் ஆறிலொரு பங்கிற்குச் சற்று மிகுதி. உரோமன் எழுத்தில் எழுதின் பதினொன்றே; அது பதினான்கிலொரு பங்கிற்கும் குறைவு. செய்தி நீண்டு இரண்டாகப் பிரியின் கட்டணமும் இரண்டாம். 2005-இல் சிங்கப்பூரில் அறிமுகமான முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ கைப்பேசியில் தமிழ் எழுதும் வாயிலைத் திறந்தது. எழுதக் கருவி வாய்த்தபின்னும் இக்கணக்கு மாறவில்லை.

இணைய வாசிப்பிற்கு வருவோம். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தனித்தொகுப்பு வாங்காதாரிடம் 10 கிலோபைட்டுக்கு 10 காசு வாங்குதல் பெருவழக்காயிருந்தது. ஒரு மெகாபைட்டு பத்து ரூபாயைக் கடந்தது. 2013-இல் வோடபோன் நிறுவனம் இதனை 2 காசாகக் குறைத்தது. தேநீர்க் கடையை அடுத்த சிறு கடையிற் பத்து ரூபாய்க்கு ‘டாப்-அப்’ செய்துகொள்ளும் மாணாக்கர்க்கு இக்கணக்கு மனப்பாடம். கோட்டையும் மரக்காலும் கொண்டு நெல்லளந்த நாட்டில் எழுத்தும் அளந்து விற்கப்பட்டது. பதருக்கும் நெல்லின் விலையே கொடுக்கவேண்டியிருந்தது என்பதே வேறுபாடு.

பதர் யாது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். நாகர்கோயிலில் வாழும் எழுத்தாளர் ஜெயமோகன் 2014 சனவரி முதல் நாளில் ‘வெண்முரசு’ என்னும் நாவல் வரிசையைத் தம் இணையதளத்தில் நாளோர் இயலாக வெளியிடத் தொடங்கினார். 26 நாவல்களாக விரிந்த அது 2020 சூலையில் நிறைவெய்தியது. அத்தகைய இயல் ஒன்றில் 2,000 சொற்கள் இருப்பதாகவும், சொல்லுக்குச் சராசரி எட்டுக் குறி என்றும் கொள்வோம். இடைவெளியும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பைட்டு ஆகும். பழைய பத்துக்காசு வீதத்தில் அதன் விலை 50 காசு. பக்கத்தோடு 100 கிலோபைட்டு அளவுள்ள ஓவியம் ஒன்று வருமாயின் அதற்கு மட்டும் ஒரு ரூபாய். எழுத்து மட்டுமாயின் பத்து ரூபாய்க்கு இருபது இயல்கள் படிக்கலாம். ஓவியமும் சேரின் ஆறு இயல்களே. தமிழெழுத்தின் பருமையினும் பக்கத்தின் ஒப்பனையே மிகுபொருள் கொண்டது என்பது இதனாற் பெறப்படும்.

அன்றியும், மும்மடங்கு எடை என்று பலர் சுட்டும் குறையும் முழுவுண்மையன்று. தமிழ்க் குறியின் மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவது இரண்டு மதிப்புகளில் ஒன்று. மூன்றாவதே எழுத்தை வேறுபடுத்துவது. மீள மீள வருவதைச் சுருக்கும் முறையில் வழங்கியானது பக்கத்தை அனுப்புமாயின் இம்மிகை பெரிதும் கரைந்துபோகும். உரோமன் எழுத்தோடு ஒப்பவைத்துத் தமிழைப் ‘பருத்த மொழி’ எனப் பழித்தவர்கள் இதனை நோக்கினாரல்லர்.

எனின், தமிழ் வாசகர் மிகுதியாகக் கொடுத்தது எங்ஙனம்? விடை எழுத்தின் எடையிலன்று, அதன் தோற்றத்தில் உளது. தொடக்கக் காலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லை; எழுத்துக்கு மாறாக வெற்றுக் கட்டங்கள் தோன்றின. எழுத்துரு இருந்தவற்றுள்ளும் சில எழுத்துகளை இணைக்கும் திறனற்றவை. ஒருங்குறியில் ‘கெ’ என்பது ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகச் சேமிக்கப்படும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்னும் தொல்காப்பியர் கொள்கைக்கு இஃது இயைந்ததே. ஆனால் கண்ணுக்குக் கொம்பு முன்னே நிற்றல் வேண்டும். அம்மாற்றத்தைச் செய்யும் பொறிநிரல் இல்லாத கருவியில் கொம்பு இடம்பெயர்ந்து நின்று படிப்போரை மயக்கிற்று. ஆண்டிராய்டுக் கருவிகளில் இக்குறை பொதுவாக நீங்கியது 2011 இறுதியில் வெளிவந்த நான்காம் பதிப்பின் பின்னரே.

அதுவரை பலர்க்கும் துணைநின்றது ‘ஓபரா மினி’ என்னும் உலாவி. அது பக்கத்தைத் தன் வழங்கியில் வாங்கிச் சுருக்கி அனுப்பும். செலவைக் குறைப்பதே அதன் சிறப்பு. அதன் அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றினால் தமிழ் போன்ற எழுத்துகளைப் படமாக்கி அனுப்பும். கட்டங்கள் மறைந்து தமிழ் ஒழுங்காகத் தோன்றும். இவ்வுத்தியை ஒருவர்க்கொருவர் சொல்லிப் பரப்பினர். ஆயின் எழுத்து படமானவுடன் எடை பெருகும். ஆங்கிலப் பக்கத்திற்குக் கிட்டிய சுருக்கப்பயன் தமிழ்ப் பக்கத்திற்குக் கிட்டாது. தம் எழுத்தைப் படமாக விலைகொடுத்து வாங்கியவர் தமிழர் என்பது மிகையன்று.

நாஞ்சில்நாட்டின் மேற்கே, கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் வேறோர் இடரும் இருந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் முதல் நாளில் தமிழகத்தோடு இணைந்தன. மொழிபற்றி வகுத்த அவ்வெல்லையே பின்னர்த் தொலைத்தொடர்பு வட்டங்களின் எல்லையுமாயிற்று. களியக்காவிளையை அடுத்த ஊர்களில் கைப்பேசி கேரள வட்டத்துக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளுதல் உண்டு. வீட்டைவிட்டு அகலாதவரும் அக்கணமே ‘ரோமிங்’ பயணியாவார். சொந்த வட்டத்திற்கென வாங்கிய தொகுப்புகள் பல அங்குச் செல்லாவாயின. நாஞ்சில்நாட்டு அலைவாங்கிகள் மாநில எல்லை அறியா என்று நகையாடுதற்கு இடமுண்டு; கட்டணப்பட்டியல் அன்று அதனை நன்கறிந்திருந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் புகுந்தபின் பைட்டுக் கணக்கு மறைந்து, நாளொன்றுக்கு இத்துணைக் கிகாபைட்டு என்னும் கணக்கு வந்தது. இன்று ஓர் இயலின் எழுத்தெடையைக் கருதுவார் இலர். ஆயினும் உரோமன் எழுத்தில் தமிழெழுதும் பழக்கம் நீங்கவில்லை. இதனை மொழிப்பற்றின்மை என்று இகழ்வார் பலர். எம் கருத்து வேறு. 160-க்கும் 70-க்கும் இடையேயுள்ள வேறுபாட்டிலும், வெற்றுக் கட்டங்களிலும் அப்பழக்கம் வேர்கொண்டது. காரணம் நீங்கியபின்னும் கை பழகிய வழியே செல்கின்றது.

மொழிநூலார்க்கு இதனால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. ‘வாறேன்’ என்னும் குமரிவழக்கு றகரமுடையது. றகர ரகர வேறுபாட்டை இன்றளவும் ஒலிப்பிற் பெரிதும் காத்துவருவது இம்மாவட்டப் பேச்சு. உரோமன் எழுத்தில் இரண்டற்கும் ஒரே குறி. ழகர ளகரங்களும், நகர னகரங்களும் அங்ஙனமே மயங்கின. அச்சில் ஏறாத வட்டார வழக்கை மக்கள் தாமே முதன்முதலாக நாள்தோறும் எழுதிக் குவித்த காலம் அது. அக்குறுஞ்செய்திகளுள் பெரும்பாலன பழைய கருவிகளோடு அழிந்தன. எஞ்சியவற்றை உடையோரிடம் இசைவு பெற்றுத் தொகுப்பார், அவற்றிற் காணும் ரகரத்தை றகரமென்று துணிதற்கு அவற்றை எழுதியவர் வாய்மொழியையே நாடவேண்டியிருக்கும்.