தந்தை ஜோசப் கென்னடி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1888இல் பிறந்தவர் ஜோசப் கென்னடி. பங்குச் சந்தையிலும் ஹாலிவுட் படத் தொழிலிலும் பெரும் செல்வம் சேர்த்தார். சந்தையின் நெளிவுசுளிவெல்லாம் அறிந்த இந்த ஊக வணிகரையே, 1934இல் அதைக் கண்காணிக்கும் ஆணையத்தின் முதல் தலைவராக்கினார் அதிபர் ரூஸ்வெல்ட். துணிச்சலான தேர்வுதான்! பிறகு பிரிட்டனுக்குத் தூதர்.

அவருக்கு ஒன்பது பிள்ளைகள். அதிபராக்கிப் பார்க்க ஆசைப்பட்ட மூத்த மகன் 1944இல் போரில் மாண்டார். அந்தக் கனவு அடுத்த மகன் ஜான் மூலம் 1961இல் நிறைவேறியது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் தந்தையைப் பக்கவாதம் தாக்கியது, பேச்சு போயிற்று. 1963இல் ஜானும் 1968இல் இன்னொரு மகன் ராபர்ட்டும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, துக்கத்தைச் சொல்லி அழக்கூட அந்தத் தந்தைக்கு வார்த்தை வரவில்லை. 1969 நவம்பரில், 81 வயதில் அவர் காலமானார். கடைசி மகன் எட்வர்ட் அப்போது செனட் உறுப்பினர்.