குளிர்ந்து கொதிக்கும் ஏரி

சொல்லும் பொருளும் தம்முள் மாறுபடத் தொடுப்பதை முரண்தொடை என்று மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றோம். அது புலவர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வடகலிபோர்னியாவில், 1916ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற லாசன் எரிமலைத் தேசியப் பூங்காவிலே, ‘குளிர்ந்து கொதிக்கும் ஏரி’ எனப் பொருள்படும் பெயருடைய நீர்நிலை ஒன்றுண்டு. நீர் தண்ணியது, ஆயினும் நிலத்தடியினின்று எழும் வாயு குமிழியிடுதலால் உலைநீர்போலத் தோன்றும்.

அந்நாட்டில் வதியும் என் பழைய மாணாக்கர் ஒருவர், தம் பத்து வயது மைந்தனுடன் என்னையும் அங்கு ஒரு பகற்பொழுதில் அழைத்துச் செல்ல விரும்பினார். “வழியை நீங்களே வகுத்துத் தாருங்கோ, ஐயா” என்றார். ஐம்பதைக் கடந்த என் கால்களையும் அச்சிறுவனின் துள்ளலையும் ஒருங்கே எண்ணி வகுக்கலானேன்.

எலன் ஏரிக்கு அருகில் நடை தொடங்கும். 1864இல் லாசன் சிகரமேறிய எலன் புரொட் என்னும் ஓவியப் பெண்மணியின் பெயர் தாங்கியது அவ்வேரி. அவ்விடம் ஏறக்குறைய 8,200 அடி உயரத்தது. நம் பிதுருதலாகலை முடியும் உயரத்தில் அங்கே நடையே தொடங்குகின்றது என்க. காற்று மெலிந்திருக்குமாதலின் விரைந்து நடத்தல் ஆகாது. ஒன்றரை மைல் சென்றால் பம்பசு நரகம் என்னும் வெந்நிலம்; அதனின்று இறங்கிச் சென்றால் குளிர்ந்து கொதிக்கும் ஏரி; பின்னர் கிங்சு ஓடை. அனைத்தும் சுமார் நான்கு மைல். இறக்கமே மிகுதியாதலின் ஒரு வண்டியை ஓடைக்கரையில் முன்னரே நிறுத்துமாறு கூறினேன். அன்றே 10,457 அடி உயரமுள்ள சிகரத்திலும் ஏறலாம் என்றார் மாணாக்கர். அதனை வேறொரு நாளுக்கு ஒதுக்கினேன். பனி உருகித் தடம் தெளிதற்குப் பெரும்பாலும் யூலை மாதமாகும். ஆதலின் ஓகத்து மாதத்தைக் குறித்தோம்.

எஞ்சியது வெந்நிலம் பற்றிய கவலை. கன்னியா வெந்நீரூற்றில் நீராடிப் பழகிய நமக்கு, நிலத்தினின்று வரும் வெந்நீர் உடலுக்கு இதமானது என்னும் எண்ணம் இயல்பாகவே உண்டு. இங்கோ, மழைநீரும் பனிநீரும் ஆழத்தில் இறங்கி எரிமலை வெப்பத்தாற் காய்ந்து ஆவியாய் மேலெழுகின்றன. உடன்வரும் அமிலம் கருங்கல்லையும் அரித்துக் களிமண்ணாக்கிவிடும். மேலே உலர்ந்த தரைபோற் காண்பது மெல்லிய ஏடு. அதன் கீழே கொதிக்கும் சேறு. அங்குள்ள பெரிய ஆவித்துளையொன்றில் 161 பாகை செல்சியசு வெப்பம் அளக்கப்பட்டதுண்டு.

அவ்விடத்தை 1864இல் கண்டறிந்தவர் கெண்டல் பம்பசு. அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகையாசிரியருக்கு வழிகாட்டிச் சென்றபோது, அவ்வேடு உடைந்து அவர் கால் கொதிசேற்றுள் அமிழ்ந்தது. பின்னர் அக்காலையே அவர் இழந்தார். இடமறியாதார்க்கு நேர்ந்ததன்று, இடத்தை நன்கறிந்து பிறர்க்கு வழிகாட்டியவர்க்கே நேர்ந்தது. இன்று மரப்பலகைப் பாதை அமைத்துள்ளனர். அதனைவிட்டு விலகிப் புண்பட்டோர் பிற்காலத்தும் உளர்.

ஆகவே மூன்று விதிகள் எழுதினேன். பலகைப் பாதையில் சிறுவன் எம்மிருவர்க்கும் நடுவே நடத்தல் வேண்டும். குடிநீர் முழுவதையும் உடன்கொண்டு செல்லல் வேண்டும். அங்குள்ள நீரைத் தொடுதலும் கூடாது. இடி முழங்கினும், ஒருவர்க்குத் தலை நோவினும், ஏரியைக் காணாமலே திரும்புதல் வேண்டும்.

சிறுவனுக்கு விதிகளைப் படித்துக் காட்டுமுன் பம்பசின் கதையைச் சொன்னேன். பலகையில் எழுதிய எச்சரிக்கையைப் பிள்ளைகள் கடந்து ஓடுவர்; கதையோ அவர்களுடன் நடந்துவரும். மாணாக்கரை மலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரிய நண்பர்கள் சோற்றுப் பொதியோடு அத்தகைய கதையொன்றையும் கொண்டு செல்வாராக.