மலைப்பாதையில் இன்ஜின் விளக்கு எரிந்தால்...

வத்தலக்குண்டில் கிளம்பி, காட்ரோடு தாண்டி, கொடைக்கானல் மலை ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். ஊத்து பக்கம் வரும்போது டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் எரிகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. நிறுத்துவதா, போவதா?

விளக்கு நிலையாக எரிகிறதா, மின்னுகிறதா என்று பாருங்கள். நிலையாக எரிந்து, இழுவையும் இன்ஜின் சூடும் வழக்கம்போல இருந்தால் நிதானமாக ஊர் போய்ச் சேரலாம். மின்னினால் போகக் கூடாது. பெட்ரோல் சிலிண்டரில் எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். அங்குள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) அளவுக்கு மீறிச் சூடேறிக் கெட்டுவிடும். ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். பைன் சருகும் காய்ந்த புல்லும் கிடக்கிற இடத்தில் நிறுத்த வேண்டாம், தீப்பிடிக்கலாம்.

"மலையில் காற்று கம்மி, அதான் எரியுது" என்பார்களே, உண்மையா? கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுவை குறைவது அதனால்தான். ஆனால் இன்றைய கார்களில் இசியு (இன்ஜினை நடத்தும் சிறு கணினி) காற்றை அளந்து, அதற்கேற்பப் பெட்ரோலையும் குறைத்துக்கொள்ளும். உயரம் மட்டுமே விளக்கை எரிய வைக்காது. எரிந்தால் எங்கோ பழுது இருக்கிறது.

எங்கே என்று எப்படித் தெரியும்? ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். மெக்கானிக் அதில் ஸ்கேனரைச் செருகினால் ஓர் எண் வரும். அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதும் முன் அழித்துவிட்டால், பழுது நேர்ந்தபோது இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்ற பதிவும் போய்விடும்.

பி0135 என்று வந்தால்? கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் (புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் கருவி) ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. பி0141 என்றால் அதே கோளாறு கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சாரில். பெட்ரோல் கார்களில் புகை சார்ந்த மின் பழுதுகளில் அடிக்கடி காண்பவை இவை.

சூடான புகையில் இருக்கும் சென்சாருக்கு ஹீட்டர் எதற்கு? சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடானால்தான் அது சரியாக அளக்கும். குளிர்ந்த காலையில் நாயுடுபுரத்திலிருந்து ஏரி வரைக்கும் மட்டும் போனால், புகைச் சூடு போதுமளவு ஏறுவதற்குள் பயணமே முடிந்துவிடும். கியரில் விட்டு மலை இறங்கும்போது பெட்ரோல் நின்று புகைக்குழாயும் ஆறும். இவ்விரண்டு நேரத்திலும் சென்சாரைச் சூடாக வைப்பது ஹீட்டர்தான்.

அப்படியானால் சென்சாரை மாற்றிவிடலாமா? அவசரப்படாதீர்கள். அந்த எண் சொல்வது சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும்தான். ஃபியூஸ், வயர், கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் மூட்டு), சென்சார் ஆகிய நாலும் அந்தச் சர்க்யூட்டில் அடக்கம். விலை குறைந்ததிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

முதலில் ஃபியூஸ். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடுங்கள். மறுபடி எரிந்தால் எங்கோ ஷார்ட். வயர் சைலன்சரில் பட்டு உருகியிருக்கலாம். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளித்தால் வயரிங்கே எரியும்.

அடுத்து கப்ளர். மூடுபனியிலும் மழையிலும் ஓடுகிற மலை வண்டிகளில் ஈரம் புகுந்து பின்களில் பச்சைக் களிம்பு ஏறும். இரவில் இன்ஜின் சூட்டைத் தேடி வரும் எலி, வயரைக் கடித்தும் வைக்கும். சைலன்சர் நன்றாக ஆறிய பிறகு கையை விட்டுப் பாருங்கள்.

பிறகு மல்டிமீட்டர். கப்ளரைக் கழற்றி, சாவியைத் திருப்பி (சில வண்டிகளில் இன்ஜினை ஓடவிட்டு), வண்டிப் பக்க ஹீட்டர் பின்னுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 12 வோல்ட் அளவில் வர வேண்டும். வராவிட்டால் குறை வண்டியின் வயரிங்கில். வந்தால், சாவியை அணைத்துவிட்டு, சென்சார் பக்கம் ஹீட்டரின் இரண்டு வயர்களுக்கு (பெரும்பாலும் ஒரே நிறம்) இடையே ஓம் அளவு பாருங்கள். வழக்கமாகச் சில ஓம்கள் காட்டும். சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது. அப்போதுதான் புது சென்சார்.

அளவெல்லாம் சரி, ஆனாலும் விளக்கு வந்து வந்து போகிறதா? லூஸ் கான்டாக்டாக இருக்கலாம். மீட்டரை மாட்டியபடியே வயரை மெல்ல அசைத்தால் எண் துள்ளும் இடம் காட்டிக்கொடுக்கும்.

அறுந்த வயரைப் பற்ற வைக்கலாமா? சென்சாரிலிருந்து வரும் வயரில் ஈயப்பற்று வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பிட்டு அளப்பதற்கான வெளிக்காற்றை வயரின் உள்வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயமும் கிரீஸும் அந்த வழியை அடைத்துவிடும். வாரண்டி இருந்தால் வயரைத் தொடாமல் கம்பெனி சர்வீஸுக்கே போங்கள்.

ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டால் என்ன? சென்சார் சூடாகும்வரை இசியு கணக்கின்றிக் குத்துமதிப்பாகவே பெட்ரோல் விடும். மைலேஜ் குறையும். மிகுதிப் பெட்ரோல் நாளடைவில் கன்வர்ட்டரைக் கெடுக்கும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் உள்ள பாகம் அது. விலை சென்சாரைவிடப் பல மடங்கு. புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறாமல் போகலாம். செல்லுபடியாகும் புகைச் சான்றிதழ் இல்லாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி ₹10,000 வரை அபராதம் உண்டு. பிஎஸ்-4, பிஎஸ்-6 கார்களுக்கு, பதிவான முதல் ஆண்டு கழிந்தபின், இதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பழுது சரியானது என்று எப்படி நம்புவது? விளக்கை அழித்துக் காட்டினால் போதாது. பழுது இருந்தால் சில பயணங்களில் திரும்ப எரியும். குளிர்ந்த இன்ஜினில் தொடங்கி நாலைந்து முறை ஓட்டிப் பாருங்கள். மெக்கானிக் சென்சாரை மாற்றச் சொன்னால், "கப்ளரில் 12 வோல்ட் வந்ததா, ஹீட்டர் எத்தனை ஓம் காட்டியது?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இருந்தால் பணம் கொடுக்கலாம்.