மழைத்தண்ணீருக்கு மண்ணைக் காட்டுங்கள்



நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் மேல் லயத்து வாசல் முழுக்கச் சிமெண்டு போட்டார்கள். "சேறு இல்லை டிரஸர் ஐயா, பார்க்கவே லட்சணமா இருக்கு" என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். அடுத்த பெருமழையில் அந்தத் தண்ணீர் அத்தனையும் கீழ் லயத்துக்குள் பாய்ந்தது. மழை விட்ட பிறகும் உடைந்த கால்வாயில் தண்ணீர் தேங்கி நின்றது, அதில் கொசுப்புழு. கொஞ்ச நாளில் இரண்டு பிள்ளைகளை டிங்கிக் காய்ச்சலோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நல்லவேளை, இரண்டும் பிழைத்துக்கொண்டன.

காரணம் என்ன? மண் தண்ணீரைக் குடிக்கும், சிமெண்டு குடிக்காது. புல் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும். மரத்தின் இலை மழையைத் தாங்கும், வேர் மண்ணை இளக்கி வழிவிடும். வெயில் காலத்தில் நிழலும் கிடைக்கும்.

பெரிய பட்டணங்களே இப்போது இதைத்தான் செய்கின்றன. சிங்கப்பூரில் பீஷான் - அங் மோ கியோ பூங்கா ஓரமாக 2.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் கால்வாயாக ஓடிய காலாங் ஆற்றை, புல்லும் கல்லும் செடியும் கொண்ட 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். நம் நாட்டு வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் மழைநீர்க் கையேடும் 2001 முதல், தண்ணீரை அவசரமாக விரட்டாமல் விழுந்த இடத்திலேயே தாமதப்படுத்தச் சொல்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பச்சையாக இருப்பதெல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்துத்தான் மலேரியாவை அடக்கினார். தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும். தேங்கி நிற்கக் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும்.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது:

1. நடக்கிற பாதைக்கு மட்டும் சிமெண்டு போடுங்கள். கூரைத் தண்ணீர் விழும் பக்கம் மண்ணும் புல்லும் இருக்கட்டும்.

2. லயங்களுக்கு நடுவே ஆழமில்லாத, சரிவான புல் வாய்க்கால் வெட்டுங்கள். அதில் குப்பை கொட்டாதீர்கள். இரண்டு நாளாகியும் தண்ணீர் வடியாத பள்ளத்தை மேடாக்குங்கள்.

3. சரிவில் வெட்டிவேர் நடுங்கள், மண் அரிக்காது. மரத்தைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

4. வாளி, பழைய டயர், பூச்சட்டித் தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும்.

5. காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின் போடாதீர்கள், கிளினிக்குக்கு வாருங்கள். காய்ச்சல் இறங்கும்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு, மயக்கம் கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

தாமான் வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கும் இதே பேச்சுத்தான். வாசலில் இரண்டடி மண்ணையாவது விட்டுவையுங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் அடுத்த கிளைக் கூட்டத்தில் வாய்க்காலைப் பற்றிப் பேசுங்கள். மேல் லயத்துக்காரர் வாசலில் விழுகிற தண்ணீர், கீழ் லயத்துப் பிள்ளையின் காய்ச்சலாகி விடக்கூடாது, இல்லையா?