ஏனுங்க... ராப் வருதுங்களா?

பவர் டேபிள் ஓடுற சத்தத்தைத் தாண்டி ஒரு பாட்டு காதுல ஏறணும்னா, அதுக்குத் தனி தில் வேணும் மக்களே! அந்த தில்லோட நம்ம கொங்கு மண்ணுல இருந்து கிளம்பின கோஷ்டிதான் ஹிப்ஹாப் தமிழா. கோயம்புத்தூர் ஆதியும் அவரோட கூட்டாளி ஜீவாவும் 2005-ல் ஆரம்பிச்ச இந்தக் கதையை ஒரு ரவுண்டு பார்த்துடலாமா?

யூடியூப் கொடுத்த விசா!

தமிழ் ராப்புக்கு இவங்க முன்னோடி இல்லீங்க. 2006-லயே மலேசியாவோட யோகி பி & நட்சத்ரா ‘வல்லவன்’ ஆல்பத்தால நம்மளை ஆட வெச்சுட்டாங்க. ஆனா அது கடல் தாண்டி வந்த குரல். ‘பக்கத்து ஊர்ப் பையனும் பண்ணலாம்’னு காட்டினது இவங்கதான். சிபாரிசு கிடையாது, கோடம்பாக்கத்துல சொந்தக்காரர் கிடையாது. ‘கிளப்புல மப்புல’ யூடியூப்ல பத்திக்கிச்சு. 2012-ல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம். 2013-ல் அனிருத் இசையில ‘எதிர்நீச்சல்’, 2014-ல் ‘கத்தி’ன்னு ஆதியோட ராப் சினிமாவுக்குள்ள நுழைஞ்சது. 2015 பொங்கலுக்கு சுந்தர்.சி-யின் ‘ஆம்பள’ மூலமா இசையமைப்பாளர்கள். அதே வருஷம் ‘தனி ஒருவன்’. அப்புறம் யாரு பிடிக்க முடியும்?

காளையும் சர்ச்சையும்

2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தப்போ ‘டக்கரு டக்கரு’ பாடாத காலேஜ் உண்டா? காங்கயம் காளைக்குச் சொந்த ஊர்க்காரங்க நாம, சும்மா இருப்போமா! ஆனா போராட்டத்தோட கடைசிக் கட்டத்துல, ‘நான் விலகிக்கிறேன்’னு ஆதி வீடியோ போட்டார். ரசிகர்கள் ரெண்டா பிரிஞ்சாங்க. அதே ஜூலையில அவரே எழுதி இயக்கி நடிச்ச ‘மீசைய முறுக்கு’ வந்ததும், பிரிஞ்ச பாதிப் பேர் தியேட்டர்ல ஒண்ணாச் சேர்ந்தாங்க. வேலையா, இசையான்னு தவிக்கிற இன்ஜினீயரிங் பையன் கதைன்னா, நாம வராம யார் வருவா?

ஒரு ரசிகனோட கம்ப்ளெயின்ட்

இனி கொஞ்சம் சீரியஸ். ‘கிளப்புல மப்புல’வை இப்போ கேட்டா எனக்கு உறுத்துது. குடிக்கிற பொண்ணு, அவ போடுற டிரெஸ்னு எல்லாத் திட்டும் பொண்ணுக்கே. பக்கத்துல குடிச்சிட்டு நிக்கிற பையனுக்கு? பெருசா ஒண்ணும் இல்ல! நம்ம ஊர்ல ஓவர்டைம் முடிச்சு, ராத்திரி கம்பெனி வேன்ல வீடு திரும்புற அக்காங்க எத்தனை பேர்! உலகம் பூரா பொண்ணுங்க போடுற டி-ஷர்ட்டைத் தைச்சுட்டு வர்றவங்களும் அவங்கதான். ‘இந்த நேரத்துல வெளியே என்ன வேலை?’ங்கிற பார்வை அவங்களுக்குப் பழகிப் போச்சு. அந்தப் பார்வைக்கு நம்ம பீட்டும் தாளம் போடணுமா? பிடிச்ச பேண்டு கிட்ட இதைக் கேட்க ரசிகனுக்கு உரிமை உண்டுங்க.

மத்தபடி மரியாதை குறையல. ‘சிவகுமாரின் சபதம்’ (2021) காஞ்சிபுரம் நெசவைக் கதையாக்குச்சு. தறிச் சத்தத்துல வளர்ந்த நமக்கு அது பக்கத்து வீட்டுக் கதை. 2024-ல் ‘அரண்மனை 4’ வரைக்கும் ஹிட் நிக்கல.

புதுசா கேட்கிறீங்களா? முதல்ல ‘ஹிப்ஹாப் தமிழன்’, அப்புறம் ‘தனி ஒருவன்’, மூணாவதா 2020-ல் வந்த ‘நான் ஒரு ஏலியன்’. இதே வரிசையில கேளுங்க. அப்புறம், ஹாஸ்டல் ரூம்ல தாளம் தட்டுற அந்த ரூம்மேட்டைத் திட்டாதீங்க. அடுத்த ஆல்பம் அங்கிருந்துகூட வரலாமுங்க!