நிலையத்தின் அருகே ஒரு மனை

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறும் பேருந்து செம்மேட்டில் வந்து நிற்கிறது. மலையின் பல நாடுகளுக்கும் செல்வோர் இங்கே இறங்குகின்றனர். எனவே தேநீர்க் கடையும் மளிகைக் கடையும் பேருந்து நிலையத்தை ஒட்டி அமைந்திருப்பதில் வியப்பில்லை. ஊர்தி நிற்குமிடத்தில் மக்கள் கூடுவர். மக்கள் கூடுமிடத்தில் வணிகம் வளரும். வணிகம் வளருமிடத்தில் குடியிருக்க இடம் தேடுவோர் பெருகுவர்.

இவ்வியல்பு பெருநகரங்களில் ஒரு திட்டமாகவே வகுக்கப்படுகிறது. கட்டடங்கள் முன்னரே நிறைந்துள்ள பகுதியில், எஞ்சிய வெற்று மனைகளையும் பழுதுற்ற கட்டடங்கள் நிற்கும் மனைகளையும் மீண்டும் பயன்படுத்துவதை இடைநிரப்பு வளர்ச்சி என்பர். கீழே கடை, இடையே அலுவலகம், மேலே வீடு என ஒரே இடம் பல தேவைகளுக்கு உதவுமாயின் அது கலப்புப் பயன்பாடு. இவ்விரண்டும் ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அமைந்தால், நகரம் ஏரிகளையும் வயல்களையும் விழுங்கிப் பரவுவது குறையும். பணிக்குச் செல்வோரின் பயண நேரமும் மிஞ்சும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இத்திட்டம் நடைமுறையில் எங்கெங்கே இடறுகிறது என்பதைச் சென்னையின் தியாகராய நகரை முன்வைத்துக் காண்போம்.

1920களில் மாம்பலத்துப் பெரிய ஏரியின் நிலப்பரப்பில் உருவாக்கப்பட்ட குடியிருப்பு இது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின. அந்தத் தடத்தில் அமைந்த மாம்பலம் நிலையத்தின் வாயிலிலேயே இரங்கநாதன் தெரு தொடங்குகிறது. வீடுகள் இருந்த அத்தெரு படிப்படியாகக் கடைத்தெருவாயிற்று. எந்த வல்லுநரும் வரைபடம் தீட்டாமலேயே வளர்ந்த கலப்புப் பயன்பாடு அது. அதன் கேடும் அங்கேயே விளைந்தது. குறுகிய தெருவில் மாடிகள் ஓங்கின. தீயணைப்பு ஊர்தி நுழைய வேண்டிய இடைவெளிகள் மறைந்தன. 2011ஆம் ஆண்டின் இறுதியில், விதிமீறல் கண்ட பல கட்டடங்களுக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் முத்திரையிட்டது.

திட்டமிட்டுக் கட்டினால் மட்டும் இடர் நீங்கிவிடுமா? பறக்கும் ரயிலைப் பாருங்கள். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் ஓடத் தொடங்கிய அத்தடத்தின் நிலையங்கள் மிகப் பெரியவை. ஆயினும் அவற்றின் விரிந்த தளங்கள் பல நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்தன. அங்கே தளம் இருந்தது, தெரு இல்லை. இரங்கநாதன் தெருவிலோ தெரு இருந்தது, மூச்சுவிட இடமில்லை. நிலையத்தையும் அதைச் சூழ்ந்த தெருவையும் இணைக்கும் நடைபாதையை நாம் நெடுங்காலம் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. மாம்பலம் ரயில் நிலையத்தைத் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தோடு இணைக்கும் 570 மீட்டர் நீள நடைமேம்பாலம் 2023ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது.

அடுத்த இடர் மனையின் உரிமை. நிலையத்தை ஒட்டிய மனைகள் பெரும்பாலும் சிறியவை. தாத்தா வாங்கிய ஒரு மனைக்கு இன்று பேரன் பேத்தியர் பலர் பங்காளிகள். பாகப்பிரிவினை முடியாதிருக்கும், ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், மற்றொருவர் வழக்காடிக்கொண்டிருப்பார். அடுக்குமாடிக் கட்டடமாயின் சிக்கல் வேறு வகையானது. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளருள் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். இசையாத எஞ்சியோருள் முதியவர் இருக்கக்கூடும். புதுக்கட்டடம் எழும்வரை வாடகை வீடு தேடி அலைவது எழுபது வயதில் எளிதன்று.

மூன்றாவது இடரைப் பலர் கவனிப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகள், உயரமல்லாத கட்டடங்களுக்கு மனைப்பரப்பைப் போல் இருமடங்கு தளப்பரப்பை அனுமதிக்கின்றன. அகன்ற சாலையை ஒட்டிய மனைக்குக் கட்டணம் செலுத்தி மேலும் கூடுதல் பரப்புப் பெறலாம். ஆனால், கட்டும் பரப்புக்கேற்ப வாகன நிறுத்தமும் அமைத்தாக வேண்டும். சிறிய மனையில் அதற்குத் தரைத்தளத்தை விட்டால் வேறிடம் ஏது? தையற்கடையும் காய்கறிக் கடையும் இருக்க வேண்டிய இடத்தில் தூண்களுக்கிடையே மகிழுந்துகள் நிற்கின்றன. ரயிலுக்கு அருகே குடியேறுவோருக்காகவே கட்டப்படும் வீட்டில் முதலிடம் மகிழுந்துக்கு! கலப்புப் பயன்பாடு ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

மண்ணுக்கடியிலும் ஓர் இடர் உண்டு. ஏரியாக இருந்த நிலம் தன் பழைய இயல்பை எளிதில் இழப்பதில்லை. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்களில் வெள்ளம் தேங்கியது. இரு குடும்பங்கள் வாழ்ந்த மனையில் பத்துக் குடும்பங்கள் குடியேறும்போது கழிவுநீர்க் குழாயும் குடிநீரும் அந்த அளவுக்குப் பெருக வேண்டும். மழைநீர் இறங்க வெற்றுமண்ணும் வேண்டும்.

எல்லாவற்றினும் கடுமையானது விலை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்லும் புதிய மெட்ரோ தடத்தில் பனகல் பூங்காவிலும் ஒரு நிலையம் அமைகிறது. நிலையம் வருமென்ற செய்தியே மனைவிலையை உயர்த்தப் போதுமானது, வாடகையும் பின்தொடரும். அந்நிலையில் முதலில் வெளியேறுபவர் யார்? கடைகளில் நின்று விற்பவர், வீடுகளில் சமைப்பவர், பூத்தொடுப்பவர் ஆகியோரே. நாள்தோறும் பேருந்தையும் ரயிலையும் நம்பி வாழ்பவரும் இவர்களே. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டோருக்காகக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் பல்லாயிரம் வீடுகள் கட்டப்பட்டன. வீடு கிடைத்தது, வேலையோ நகரின் நடுவிலேயே இருந்தது. விடியலில் புறப்பட்டு இரவில் திரும்பும் பெண்களுக்கு அத்தொலைவு ஊதியத்தில் ஒரு பகுதியையும் உறக்கத்தில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டது.

ஆகவே, நிலையத்தருகே எத்தனை மாடிகள் எழலாம் என்று கணக்கிடும்போதே, அவற்றுள் எத்தனை வீடுகள் சிறியனவாகவும் குறைந்த வாடகைக்குரியனவாகவும் இருக்க வேண்டும் என்பதையும் விதியில் எழுதிவிடுதல் தகும். கூடுதல் தளப்பரப்புக்கு அரசு பெறும் கட்டணத்தில் ஒரு பங்கை அதே தெருவின் வடிகாலுக்கும் நடைபாதைக்கும் செலவிடலாம். நிலையத்துக்கு நடந்து செல்லும் தொலைவிலுள்ள மனைகளுக்கு வாகன நிறுத்த அளவைக் குறைத்தால் தரைத்தளம் கடைகளுக்குத் திரும்பக் கிடைக்கும். பழைய குடியிருப்போர், அவர் வாடகைக்கு இருந்தவரேயாயினும், புதிய கட்டடத்தில் மீண்டும் இடம்பெற வழி வேண்டும். இவற்றுள் கடைசியானதே கடினமானது. ஏனெனில் வாடகைக்கு இருந்தவரின் பெயர் பட்டாவில் இராது.